பூட்டுக்காரர் வீட்டு நாய்

கடைத்தெருவில் பூட்டு விற்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தாலும் 'பூட்டுக்காரர்' என்றால் அது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பெட்டியைப் பிரித்துப் பூட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கொட்டாவி விடுகிற ரகம். இவர் அப்படியில்லை. புதிதாக ஒரு பூட்டு கடைக்கு வந்தால் முதலில் இவரே அதைத் திருடன் மாதிரி திறக்கப் பார்ப்பார். கம்பி விட்டு நெம்புவார், கொக்கி போட்டுக் கிளறுவார், கள்ளச்சாவி செய்து திருப்புவார். ஒன்றுக்கும் மசியவில்லையென்றால் சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு போடு போடுவார். அதற்கும் வாயைத் திறக்காத பூட்டுக்குத்தான் அவர் அலமாரியில் இடம். 'நான் திறக்க முடியாததைத்தான் விற்பேன்' என்று கடை வாசலில் பலகை வேறு. எழுதியதில் திமிர் இருக்கத்தான் செய்தது. திமிருக்கு ஏற்ற கை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்கள் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் அவர் வீடு திரும்புகிற நேரம் அவருக்கே தெரியாது. ஆனால் அதனால் வீட்டில் யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். வாசல் கதவின் பூட்டு அவர் கையாலேயே செய்தது. மாதம் தவறாமல் எண்ணெய் விடுவார். கதவின் கீல், கேட்டின் கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் அதே கவனிப்பு. சாவியைப் போட்டுத் திருப்பினால் அவருக்கே கேட்காது. பூனை மாதிரி உள்ளே வந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து தனக்காக மனைவியை ஒரு தடவைகூட கதவு திறக்க வைத்ததில்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அதைக் கேட்ட பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

இப்படி எண்ணெய் போட்ட மாதிரி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், மூன்று வீடு தள்ளி நூலகர் வீட்டில் திருடு போனது.

செய்தி கேட்டதும் பூட்டுக்காரர்தான் முதல் ஆளாக ஓடினார். நூலகர் வீட்டு முன்கதவில் தொங்குவது இவர் விற்ற பூட்டு. பூதக்கண்ணாடி வைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த நூலகரை இரண்டு தடவை நகர்ந்து நிற்கச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்கு வாயெல்லாம் பல்.

"பார்த்துட்டேன். என் பூட்டுல ஒரு கீறல்கூட இல்ல!"

"உள்ள ஒரு கரண்டிகூட இல்லயாம்," என்றாள் மனைவி.

"பின்பக்க ஜன்னல் கம்பியைக் கழட்டிட்டு வந்திருக்கான். அது ஜன்னல்காரன் பிரச்சினை."

மனைவி சும்மா பயப்படுகிற ஆள் இல்லை. பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிற ஆறடி ஆட்களை ஒரே அதட்டலில் திறக்க வைக்கிறவள். அப்படிப்பட்டவள் அன்று இருட்டியதும் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், பூட்டிய வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தாள்.

அவர் செய்த பூட்டு. அதற்கு மேல் ஒரு நாற்காலி. அதுவும் ஒரு கால் ஆடுகிற நாற்காலி. பூட்டுக்காரருக்கு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஊரே நம்புகிற கையை வீட்டில் நம்பவில்லையென்றால் அப்புறம் அந்தக் கை எதற்கு? நாற்காலி அந்த இடத்தைவிட்டுப் போகிறவரை தனக்குச் சோறு இறங்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் குடும்பக் கூட்டம் கூடியது. கல்லூரிக்குப் போகிற மகள், மனைவி, மனைவியின் தம்பி. மச்சினன் மெத்தைக் கடை வைத்திருக்கிறான். மெத்தையைத் தவிர உலகத்தில் உள்ள அத்தனை விஷயத்திலும் அவனுக்கு அபிப்பிராயம் உண்டு.

"நாய் வாங்குக்கா. பெருசா. பார்த்தாலே திருடனுக்கு வயித்தைக் கலக்கணும்," என்றான் அவன்.

பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "பூட்டுக்கடைக்காரன் வீட்டுல காவலுக்கு நாயா? நாளைக்கு எவனாவது கடைக்கு வந்து, 'பூட்டு நல்லாத்தான் இருக்கு, கூடவே ஒரு நாயும் குடுங்க'ன்னு கேட்பான். மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?"

"பூட்டு கடிக்குமா?" என்று கேட்டாள் மனைவி.

"கடிக்காது."

"குரைக்குமா?"

"பூட்டு எதுக்கும்மா குரைக்கணும்?"

"அப்ப நாய் வரட்டும். இல்லன்னா நாற்காலி இருக்கட்டும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பூட்டுக்காரர் நாற்காலியைப் பார்த்தார். மகள் கையில் இருந்த போனைப் பார்த்தார். அவள் அதற்குள் ஏழெட்டு நாய்ப் படங்களை எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனத்துக்கு இருந்தது. அவர் மூளை மெல்ல ஒரு வழி கண்டுபிடித்தது.

"சரி. ஆனா கடைக்கு என்ன சட்டமோ அதுதான் வீட்டுக்கும். சோதிக்காம எதுவும் உள்ள வராது. நான் திருடனா வந்து பார்ப்பேன். என்னால தாண்ட முடியாத நாய் எதுவோ, அதை வாங்கலாம்."

"இது நியாயமாத்தான் இருக்கு," என்றான் மச்சினன். எது நியாயம் என்று அவன் யோசித்துச் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

பூட்டுக்காரரின் கணக்கு சுலபமானது. உயிருள்ள எதற்கும் எங்காவது ஒரு சாவித்துவாரம் இருக்கும். நாய்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிவிட்டால், கடைசியில் பூட்டுதான் மேல் என்று மனைவி ஒப்புக்கொள்வாள், நாற்காலி தானாக மேசைக்குத் திரும்பிவிடும்.

முதலில் கிரேட் டேன். மச்சினனுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் விலைக்கு இருந்தது. நின்றால் மச்சினனின் தோள்வரை வந்தது. "இதைத் தாண்டுங்க பார்ப்போம் மாமா," என்று அவன் சவால் விட்டான். உரிமையாளரிடம் விஷயத்தைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நாய் வாங்க வந்தவர் எதற்காகச் சுவர் ஏறுகிறார் என்று அந்த மனிதர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். பூட்டுக்காரர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகக் குதித்தார். அவ்வளவுதான். கிரேட் டேன் அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் போய், பாதி உடம்புதான் ஒளிந்தது, மீதி வெளியே நின்று நடுங்கியது. அதைத் தேற்றி வெளியே கொண்டுவர அரை மணி நேரம் பிடித்தது.

இரண்டாவது ஜெர்மன் ஷெப்பர்ட். பயிற்சி எடுத்த நாய். பூட்டுக்காரர் சுவரில் ஏறியதும் அது குரைத்த குரையில் தெருவே திரும்பிப் பார்த்தது. மனைவியின் முகம் மலர்ந்தது. பூட்டுக்காரர் சுவர்மேல் உட்கார்ந்தபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு வாத்தியார் குரலில், "உட்கார்!" என்றார். உட்கார்ந்தது. "படு!" என்றார். படுத்தது. இறங்கி வந்து, "கை குடு!" என்றார். அதுவும் ஆயிற்று.

"யார் சாவி போட்டாலும் திறக்குற பூட்டு," என்றார் வெளியே வந்து. "பயிற்சி குடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க."

மூன்றாவது ராட்வைலர். அதன் கழுத்தைப் பார்த்தே மச்சினன் காரைவிட்டு இறங்கவில்லை. பூட்டுக்காரருக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் பக்கத்தில் போனதும் அவர் விரல்கள் பழக்கத்தில் தாமாகவே தேட ஆரம்பித்துவிட்டன. காதுக்குப் பின்னால், தாடைக்கடியில், முன்னங்காலுக்கும் விலாவுக்கும் நடுவில். அந்த மூன்றாவது இடத்தில் ஒரு சொறி சொறிந்தார். ராட்வைலர் நாலு காலையும் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிட்டது. அவர் நிறுத்தியபோதெல்லாம் காலால் அவர் கையைத் தட்டி, ம், ஆகட்டும் என்றது.

ஒவ்வொரு நாய் தோற்றபோதும் பூட்டுக்காரர் கொடி பிடிக்காத குறையாக வீடு திரும்பினார். ஆனால் நாற்காலி மேசைக்குத் திரும்பவில்லை. கிரேட் டேனுக்குப் பிறகு நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்துக்குத் தையல் மெஷின் வந்தது. ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பிறகு தையல் மெஷினோடு நாற்காலியும் சேர்ந்துகொண்டது. ராட்வைலருக்குப் பிறகு இரும்புப் பெட்டி. இப்படியே போனால் நாய் கிடைப்பதற்குள் வீட்டுச் சாமான் மொத்தமும் வாசலுக்கு வந்துவிடும் போலிருந்தது.

அன்று பூட்டுக்காரர் ஒரு வேலை முடிந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பினார். வழக்கம்போல் கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தார். வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறந்தார். சத்தமில்லாமல் ஒரு காலை உள்ளே வைத்தார். அதற்கப்புறம்தான் சத்தம். கதவு திறக்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்த இரும்புப் பெட்டியில் முட்டி இடித்து, தையல் மெஷின்மேல் விழுந்து, நாற்காலியோடு சேர்ந்து உருண்டார். சமையலறையிலிருந்து மனைவி தோசைத் திருப்பியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தாள். கீழே கிடப்பது புருஷன் என்று தெரிந்த பிறகும் ஓங்கிய கையை உடனே இறக்கவில்லை.

"உங்க பூட்டு சத்தமே போடாது!" என்று கத்தினாள்.

"ஆமா," என்றார் அவர், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. வலியிலும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "மாசாமாசம் எண்ணெய் விடுறேன்ல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னமோ சொல்ல வந்தாள். பிறகு, இவரிடம் சொல்லி என்ன பிரயோஜனம் என்று நினைத்தவள் போல உள்ளே போய்விட்டாள். தோசைத் திருப்பியை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பூட்டுக்காரர் பார்க்கவில்லை. பூட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது நாயை மகள்தான் கண்டுபிடித்தாள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அம்மா ஒருவர், மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறார். அங்கே நாய்க்கு இடமில்லை. புல்மாஸ்டிஃப். பெண் நாய். மரக்கலர் உடம்பு, கரி பூசின மூஞ்சி, தொங்குகிற கன்னம். குடும்பம் மொத்தமும் போய் கேட்டுக்கு வெளியே நின்றபோது அது எழுந்திருக்கக்கூட இல்லை. கண்ணை மட்டும் திறந்து ஒவ்வொருவரையும் எண்ணிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"குரைக்காதா?" என்று மனைவி கவலையோடு கேட்டாள்.

"தேவைன்னா குரைப்பா. சும்மா வாயை வீணாக்க மாட்டா," என்றார் கண்டக்டரம்மா. "பேரு டிக்கெட். வாழ்க்கை பூரா கத்துன வார்த்தை, பேரு வைக்கிறப்பவும் அதுதான் வாயில வந்தது. உள்ள வாங்க. உங்களைப் பழக்கி விடுறேன்."

"அதெல்லாம் அப்புறம்," என்று கைக்குட்டையை எடுத்தார் பூட்டுக்காரர். "முதல்ல நான் திருடனா வரணும்."

கண்டக்டரம்மா எத்தனையோ விதமான பயணிகளைப் பார்த்தவர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "யோசிச்சுச் செய்யுங்க. ஒருத்தரை முதல்ல எப்படிப் பார்க்கிறாளோ அப்படித்தான் மனசுல வச்சுக்குவா."

"அப்படித்தான் இருக்கணும்," என்று சொல்லிக்கொண்டே பூட்டுக்காரர் பின்பக்கம் போய்விட்டார். கண்டக்டரம்மா சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். தலைக்குள் போகவில்லை.

குதித்தார். டிக்கெட் வந்தது. ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தது. குரைப்பு, உறுமல் ஒன்றும் இல்லை. அவர் "உட்கார்!" என்றார். அது அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. பிஸ்கட்டை நீட்டினார். பிஸ்கட் இருந்த பக்கமே அது திரும்பவில்லை. சரி, விலாவில் சொறியலாம் என்று கையை நீட்டினார். தலையைத் தாழ்த்தி அவர் வயிற்றில் ஒரு முட்டு முட்டியது. மல்லாந்தார். அதற்கப்புறம் ஐம்பது கிலோ டிக்கெட் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, சாவகாசமாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தது. கடிக்கவில்லை. பிறாண்டவில்லை. அவர் அசைந்தால் மட்டும் அடித்தொண்டையில் 'உர்' என்று ஒரு சொல். அதன் எச்சில் ஒரு நூலாக இறங்கி அவர் மூக்கில் வந்து சேர்ந்தது.

பூட்டுக்காரர் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். கொஞ்சினார், அதட்டினார், விசிலடித்தார், செத்த மாதிரி கிடந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வலி, அவமானம், எச்சில் எல்லாவற்றையும் மீறி அவருக்குள் ஒரு பரவசம் கிளம்பியது. எவ்வளவு காலமாயிற்று இப்படி ஒன்றைப் பார்த்து! கம்பிக்கு மசியவில்லை, கொக்கிக்கு மசியவில்லை, எங்கேயும் ஒரு சாவித்துவாரம் இல்லை. தொழில் தெரிந்தவன் தலைவணங்க வேண்டிய வேலைப்பாடு.

வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நூலகர் வீட்டுத் திருட்டுக்குப் பிறகு அவள் சிரித்து அவர் பார்க்கவே இல்லை.

"வாங்கிடலாம்!" என்றார் பூட்டுக்காரர், நாய்க்கு அடியிலிருந்து.

கண்டக்டரம்மா வந்து டிக்கெட்டை எழுப்பினார். மனைவியும் மகளும் முன்வாசல் வழியாக வந்து கையை முகரக் கொடுத்தார்கள். ஆயிற்று. மச்சினன் மூன்றடி தள்ளி நின்று நீட்டிய கையைக்கூட டிக்கெட் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டது. முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு பூட்டுக்காரர் கிட்டே வந்தார். "உர்" என்றது.

"நான்தாம்மா வீட்டுக்காரர்," என்றார் அவர் நாயிடம்.

"அவளுக்கு நீங்க சுவர் ஏறிக் குதிச்ச ஆளு," என்றார் கண்டக்டரம்மா. "அதான் சொன்னேனே."

அன்று மச்சினனின் மெத்தை வண்டியில் நாய் வீட்டுக்குப் போயிற்று. பூட்டுக்காரர் பஸ்ஸில் போனார்.

அப்போதும் அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஆனால் டிக்கெட்டுக்கு நியாயம் என்றால் நியாயம். தபால்காரரை விட்டது. எரிவாயு உருளை கொண்டுவருகிறவரை விட்டது. மகளின் தோழிகள் அதன் காதைப் பிடித்து இழுத்தார்கள், சும்மா இருந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர் மட்டும் கேட்டில் கை வைத்தால் எழுந்து வந்து, குறுக்கே நின்று, நெஞ்சுக்குள்ளிருந்து ஒரே ஒரு குரை குரைக்கும். அந்தக் குரைப்பை அது வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவர் சொந்த வீட்டுக்குள் போக வழியில்லாமல் தெருவில் நின்றார், ராத்திரி கடையிலேயே படுத்துக்கொண்டார். விடுவாரா? சட்டையை மாற்றிப் பார்த்தார். மகளின் வாசனைத் திரவியத்தை அடித்துக்கொண்டார். தபால்காரரை விடுகிறதே என்று ஒரு நாள் தபால் பையை மாட்டிக்கொண்டு வந்தார். மனைவியின் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு இடுப்பை ஒடித்து நடந்து வந்தார். எதிர்வீட்டு முடிதிருத்துபவர் கடையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார். டிக்கெட் சால்வைக்குள் எட்டிப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்து, அதற்கும் ஒரு குரை குரைத்தது. கடைக்கு வருகிறவர்கள், "உங்க வீட்டு நாய்க்குச் சாவி கிடைச்சுதாண்ணே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பலகையைக் கழற்றிவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது.

ஒரு விஷயம் மட்டும் நடந்திருந்தது. வாசலுக்கு வந்த சாமானெல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிட்டன. மனைவி கதவடியில் எதையும் இழுத்துப் போடுவதில்லை. படுத்தவுடன் தூங்கிவிடுகிறாள், குறட்டைகூட விடுகிறாள் என்று மகள் சொன்னாள். அவர் கை செய்யாததை ஒரு நாயின் குரைப்பு செய்துவிட்டது. அதை நினைத்தால் அவருக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் மகள்தான் கண்டக்டரம்மாவுக்கு போன் போட்டாள். அவர் சொன்னது இதுதான். டிக்கெட் நம்புகிற ஒருத்தர் தினமும் கேட்டுக்கு வந்து, அவள் கண் முன்னால் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் மனது மாறுகிறவரை. மாறுமா என்று கேட்டதற்கு, "பார்ப்போம்," என்றார்.

அன்று சாயங்காலம் பூட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று, "ஏம்மா!" என்று குரல் கொடுத்தார். டிக்கெட் அவருக்கான குரையைக் குரைத்தது. மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கேட்டைத் திறந்து அவர் கையைப் பிடித்தாள். எதிர்வீட்டு முடிதிருத்துபவர் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கேட்டிலிருந்து கதவுவரை பத்துப் பதினைந்து அடிதான். அன்று அது முடியவே முடியாது போலிருந்தது.

"சும்மா நடக்காதீங்க. ஏதாவது பேசுங்க. பேசிட்டே போனாத்தான் அவளுக்கு நம்பிக்கை வரும்," என்றாள் மனைவி.

"என்ன பேசுறது?"

"இன்னைக்கு என்ன வேலை?"

குளியலறையில் மாட்டிக்கொண்ட ஒரு பாட்டுவாத்தியாரைப் பற்றிச் சொன்னார். கதவைத் திறந்துவிடுகிறேன் என்றால், உள்ளே எதிரொலி நன்றாக இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றாராம். மனைவி சிரித்தாள். மறுநாள் அவள் சொன்னாள். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த ஒரு பயில்வானை நாலு பேர் சேர்ந்து தூக்கினார்களாம். அப்புறம் அவர். அப்புறம் அவள். பத்தடி போதாமல் சில நாள் படியில் நின்றும் பேசினார்கள். டிக்கெட் பின்னாலேயே வந்து, சந்தேகம் தீராத போலீஸ்காரன் மாதிரி இருவருக்கும் நடுவில் மூஞ்சியை நுழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் படியில் நிற்கும்போது மனைவி சொன்னாள். "இப்பத்தான் நீங்க வீட்டுக்கு வர்ற மாதிரி இருக்கு."

"ஏன், இத்தனை வருஷமா வரலயா?"

"வந்தீங்க. எப்ப வந்தீங்கன்னுதான் தெரியாது. திரும்பிப் பார்த்தா நிப்பீங்க. கண்ணு முழிச்சா படுத்திருப்பீங்க. நூலகர் வீட்டுக்கு ஒருத்தன் வந்துட்டுப் போனான்ல? அவனும் அப்படித்தானே வந்திருப்பான்? கதவு சத்தமில்லாம திறந்தா, வர்றது நீங்களா இன்னொருத்தனான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" நடுவில் நுழைந்த டிக்கெட்டின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நாற்காலியைப் போட்டது திருடனைத் தடுக்கிறதுக்கு இல்ல. ஆடுற நாற்காலி எவனைத் தடுக்கும்? நீங்க வர்ற சத்தமாவது கேக்கட்டும்னுதான் போட்டேன்."

பூட்டுக்காரருக்கு மாதாமாதம் எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தது ஞாபகம் வந்தது. ஊரெல்லாம் பெருமை அடித்ததும் ஞாபகம் வந்தது. இவ்வளவு வருஷமாகத் திருடன் மாதிரியே வீட்டுக்குள் வந்து போயிருக்கிறார். அவரைச் சரியாகப் புரிந்துகொண்டது டிக்கெட் ஒன்றுதான். தன்மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் ஈனசுரத்தில்.

"சொன்னேன். நீங்க எண்ணெய் விடுறதைப் பத்திச் சொன்னீங்க."

அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் பூட்டுக்காரர் கேட்டுக்கு வந்தபோது டிக்கெட் குரைக்கவில்லை. எழுந்து வந்தது. கம்பிக்கிடையில் மூக்கை விட்டு அவர் கையை முகர்ந்தது, நக்கியது, வாலை ஆட்டியது. முழு உடம்பும் வாலோடு சேர்ந்து ஆடியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டார்! சாவியை எடுத்தார், கேட்டைத் திறந்தார், கதவைத் திறந்தார், இந்த அதிசயத்தைச் சொல்ல நேராகச் சமையலறைக்கு ஓடினார்.

மனைவி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் வருகிற நேரம் என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காது வாசல் பக்கமே இருந்தது. குரைப்பு கேட்கட்டும் என்று நிற்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. அவர் தொண்டையைச் செருமினார். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். தட்டு ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"எப்ப வந்தீங்க?" என்றாள்.

"நாய் விட்டுருச்சு," என்றார் அவர்.

"ஓ," என்றாள் மனைவி. "நல்லதாப் போச்சு." துடைத்த கையை மறுபடியும் ஒரு தடவை துடைத்துக்கொண்டு, கீழே விழுந்த தட்டை எடுத்தாள். அன்று அவள் பயில்வானைப் பற்றியோ வேறு யாரைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் பூட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். டிக்கெட் துள்ளிக்கொண்டு ஓடிவந்தது. பின்னங்காலில் எழுந்து கேட்டின்மேல் இரண்டு கையையும் போட்டு, அவர் காதை நக்கியது. அதன் வால் அடித்த அடியில் பூந்தொட்டி ஒன்று சாய்ந்தது. எதிர்வீட்டு முடிதிருத்துபவர், "அடடே! ராசியாயிருச்சு போலிருக்கே!" என்றார். பூட்டுக்காரர் அவரை ஒரு முறை முறைத்தார். பாக்கெட்டில் இருந்த சாவியை இன்னும் உள்ளே தள்ளினார்.

"ஏம்மா!" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். "சீக்கிரம் வா! இந்த நாய் உள்ள விட மாட்டேங்குது!"

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். நின்றாள். ஆடுகிற வாலைப் பார்த்தாள். சாய்ந்து கிடக்கிற தொட்டியைப் பார்த்தாள். எச்சிலில் நனைந்த காதோடு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நிற்கிற புருஷனைப் பார்த்தாள்.

"ஆமாமா," என்றாள். "பொல்லாத நாய்."

காலையில் அவர் எண்ணெயையெல்லாம் துடைத்து எடுத்திருந்த கேட் கிரீச்சென்று அலற, அதைத் திறந்துகொண்டு வந்து அவர் கையைப் பிடித்தாள்.